ஒல்லியான உடம்பு, கவனிக்கப்படாத இதயம்: சீலியாக் நோயாளிகளுக்கு

வணக்கம். கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உண்டால் உடம்பின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைச் சிதைக்கும் நோய்தான் சீலியாக். அதனுடன் ஒன்பது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் நான், இதுவரை குடலைப் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன்; இன்று இதயத்தைப் பற்றிப் பேசவிருக்கிறேன்.

பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் இருந்த ஏறத்தாழ 4,69,000 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்களில் சீலியாக் உள்ள 2,083 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 27 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆயிரம் பேரில் ஆண்டுக்கு ஏழு பேர் என்பது ஒன்பதாகிறது, அவ்வளவுதான்; பதற வேண்டியதில்லை. ஆனால் அவர்களுடைய எடை, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தும் இப்படி நேர்ந்திருக்கிறது என்பதைப் படித்தபோது, "ஒல்லியாகத்தானே இருக்கிறீர்கள், இதயத்துக்கு என்ன வந்துவிடப் போகிறது?" என்று ஒரு மருத்துவர் என்னை அனுப்பிவைத்தது நினைவுக்கு வந்தது.

குடலின் உட்சுவரில் சத்துகளை உறிஞ்சும் நுண்ணிய விரல் போன்ற உறிஞ்சிகள் சிதைந்தால் ஃபோலேட், பி12 ஆகிய சத்துகள் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை; அதனால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஏறக்கூடும். அது இரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்படுத்தக்கூடியது. ஓயாத அழற்சியும் அதே சுவரைத்தான் தாக்குகிறது. ஆகவே வழக்கமான பரிசோதனைகளுடன் ஃபோலேட், பி12, இரும்புச்சத்து அளவுகளையும் பாருங்கள் என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.

இதோ, என் கையில் இருக்கும் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் பாருங்கள்: கோதுமை மாவு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். சப்பாத்தியை விட்டுவிட்டேன் என்று நிம்மதியாக இருந்த நான், ரசத்தின் வழியாகக் கோதுமையை நாள்தோறும் உட்கொண்டிருக்கிறேன். குளூட்டன் இல்லாத பிஸ்கட்டுகளிலும் கவனம் தேவை. பலவற்றில் மாவுச்சத்தும் பாமாயிலும் சர்க்கரையும்தான் இருக்கின்றன, நார்ச்சத்து மிகக் குறைவு.

சீலியாக் இல்லாதவர்கள் இதயத்துக்காகக் கோதுமையை விட வேண்டாம். அமெரிக்காவில் 1,10,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு, குளூட்டனைக் கூடுதலாக உண்டவர்களுக்கு இதயத் தமனி நோய் கூடவில்லை என்றே கண்டது. சீலியாக் இருக்குமோ என்ற ஐயம் இருந்தாலும், இரத்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே நிறுத்திவிட்டால், நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.