ஊர் கூடி இழுத்த விண்தேர்

(வட்ட நூலக வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு இடையிலும் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வணிகர் சங்கத்துப் பெரியோர்களே, விடுமுறை நாளிலும் மாணவர்களை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, எனக்கு முன் பேசி அவையைச் செவிமடுக்க வைத்த தமிழாசிரியர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

‘கோளை அடைந்த கலமும் காத்திருந்த ஆர்வலர்களும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜூனோ விண்கலம் வியாழனைச் சென்றடைந்த வரலாறு, அதில் பொதுமக்கள் ஆற்றிய பங்கு, நமது மங்கள்யானின் செவ்வாய்ப் பயணம் என மூன்று செய்திகளைச் சொல்ல எண்ணியிருக்கிறேன். மூன்றுக்கும் அடிப்படையாக என் பாட்டனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வழங்கிவரும் பழமொழி ஒன்று உண்டு: ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

2011 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் கேப் கனாவரலில் இருந்து புறப்பட்ட ஜூனோ, ஏறத்தாழ ஐந்தாண்டுகள், 280 கோடி கிலோமீட்டர் பயணம் செய்து வியாழனை நெருங்கியது. அங்கே விழும் சூரிய ஒளி பூமியில் விழுவதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். இருந்தும், அணுசக்தி மின்கலத்தை நாடாமல், ஒவ்வொன்றும் சுமார் ஒன்பது மீட்டர் நீளமுள்ள மூன்று சூரியத் தகட்டுச் சிறகுகளை விரித்துக்கொண்டு அக்கலம் அவ்வளவு தொலைவு சென்றது. வியாழனைச் சூழ்ந்துள்ள கடும் கதிர்வீச்சு மின்னணுக் கருவிகளைச் சிதைத்துவிடும் என்பதால், அதன் மூளையை டைட்டானியப் பெட்டகத்துக்குள் வைத்துக் காத்தார்கள்.

அது கோளைச் சென்றடைந்தது 2016 ஜூலை 5, நம் நேரப்படி காலை 9:23 மணிக்கு உறுதியானது. நம் பிள்ளைகள் வகுப்பறைக்குள் நுழைகின்ற வேளை. வேகத்தைக் குறைத்து வியாழனின் ஈர்ப்புக்குள் சிக்க வேண்டுமானால் முதன்மை எந்திரம் 35 நிமிடங்கள் பிசகாமல் எரிய வேண்டும். வியாழனிலிருந்து வானொலிச் சைகை பூமிக்கு வந்து சேர 48 நிமிடங்கள் ஆகும். ஆகவே, எந்திரம் எரியத் தொடங்கியது என்ற செய்தி பூமிக்கு எட்டும்போது அங்கே எல்லாம் நடந்து முடிந்திருந்தது. மனிதக் கை எதுவும் தலையிட இயலாத அந்த வேளையில், கலத்தில் முன்பே எழுதிவைத்த கட்டளைகள் மட்டுமே வேலை செய்தன. உலகெங்கும் கணினித் திரைகளின் முன் அமர்ந்திருந்த ஆர்வலர்களுக்கு அன்று பார்ப்பதற்குப் புதிய படம் எதுவும் இல்லை. பாதுகாப்புக் கருதி ஒளிப்படக் கருவியை முன்னதாகவே அணைத்துவிட்டிருந்தார்கள். மெல்லிய வானொலிச் சைகை ஒன்று மாறியதைக் கேட்டே அவர்கள் கைதட்டினார்கள்.

இந்த வெற்றிக்கு மூன்றாண்டுகள் முன்பு நடந்த ஒன்றை நான் செல்லும் மேடைகளில் எல்லாம் சொல்லி வருகிறேன். இங்கும் சற்று விரிவாகவே சொல்ல அனுமதிக்க வேண்டும். ஜூனோ நேராக வியாழனுக்குப் போகவில்லை. முதலில் சூரியனைச் சுற்றிவிட்டு, 2013 அக்டோபர் 9 அன்று பூமிக்கே திரும்பி வந்து, நமக்கு ஏறத்தாழ 560 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, பூமியின் ஈர்ப்பிலிருந்து விசையைப் பெற்றுக்கொண்டு போனது. அந்தக் கலத்தில் வானொலி அலைகளையும், மின்னேற்றத் துகள்களிடையே எழும் மின்ம (பிளாஸ்மா) அலைகளையும் உணரும் கருவி ஒன்று இருந்தது. வியாழனின் அலைகளைக் கேட்பதற்காக அதைச் செய்தவர்கள் அயோவா பல்கலைக்கழகத்தார். பூமிக்கு அருகே வரும்போது மனிதர்கள் அனுப்பும் அலைகளையும் அது கேட்குமா என்று பார்க்க விரும்பிய அறிவியலாளர்கள், பொழுதுபோக்காக வானொலியில் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஹாம் வானொலி ஆர்வலர்கள் அனைவருக்கும் உலகெங்கும் ஓர் அழைப்பு விடுத்தார்கள்.

என்ன செய்தி அனுப்புவது? ஆங்கிலத்தில் ‘ஹாய்’ என்ற இரண்டு எழுத்துகள். புள்ளியும் கோடுமாகத் தந்தி அனுப்பும் மோர்ஸ் முறையில் முதல் எழுத்துக்கு நான்கு புள்ளிகள், இரண்டாவது எழுத்துக்கு இரண்டு புள்ளிகள். மொத்தம் ஆறே புள்ளிகள். கலத்தின் கருவியால் வழக்கமான தந்தி வேகத்தைப் பிரித்தறிய இயலாது. ஆகையால் ஒவ்வொரு புள்ளியையும் முப்பது விநாடிகள் நீட்டி அனுப்ப வேண்டும், எல்லோரும் ஒரே நொடியில் சாவியை அழுத்த வேண்டும், ஒரே நொடியில் விட வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் முந்தியும் பிந்தியும் அழுத்தினால் அது வெறும் இரைச்சலாகிவிடும்.

அமெரிக்க அரசு நிதி ஒப்புதல் கிடைக்காமல் அலுவலகங்கள் பல மூடிக் கிடந்த மாதம் அது. நாசாவின் ஊழியர்களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தார்கள். ஆனால் ஆர்வலர்கள் நின்றுவிடவில்லை. அண்டார்க்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலிருந்தும் 1,400-க்கும் மேற்பட்டோர், தத்தம் வீட்டு மாடியிலும் கொட்டகையிலும் நிறுத்திய வானலை பரப்பும் கம்பங்களைக் கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அந்த ஆறு புள்ளிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அன்றே கலம் ஏதோ கோளாற்றை உணர்ந்து பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது; ஓரிரு நாள்களில் மீண்டது. பூமியின் இயற்கை இரைச்சலை நீக்கித் தரவுகளைப் பார்த்தபோது, அதில் அந்த ஆறு புள்ளிகள் பதிவாகியிருந்தன. தனித்தனியே எவருடைய அலையும் கலத்துக்குக் கேட்டிருக்காது. ஆயிரத்து நானூறு பேரும் ஒரே நொடியில் அழுத்தியதால் கேட்டது. சான்றோர்களே, ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

கலம் வியாழனை அடைந்த பின்னும் அதே மரபு தொடர்ந்தது. ஜூனோகேம் என்னும் ஒளிப்படக் கருவி, அறிவியல் தேவையைவிடப் பொதுமக்களின் பங்கேற்பைக் கருதியே கலத்தில் ஏற்றப்பட்டது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தம் சொந்தத் தொலைநோக்கியில் எடுத்த வியாழனின் படங்களை அனுப்ப, எந்த மேகச் சுழலைப் படம் எடுக்கலாம் என்பதை மக்களே வாக்களித்துத் தெரிவிக்க வழி செய்தார்கள். சுழன்றுகொண்டே எடுக்கப்பட்ட மூலப்படங்கள், பட்டை பட்டையாக, நிறம் சேர்க்கப்படாமல், எல்லோருக்கும் வெளியிடப்பட்டன. நாம் நாளிதழ்களில் கண்டு வியந்த நீலச் சுருள்கள் பலவற்றை ஒட்டிச் சீர்செய்து நிறமூட்டியவர்கள் அத்தகைய ஆர்வலர்களே. இதை நாசாவின் பெருந்தன்மை என்று நான் பார்க்கவில்லை. அறிவியலைச் செய்ய வேண்டிய முறையே அதுதான் என்று கருதுகிறேன்.

நமக்கும் இதில் உறவு உண்டு. 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் துணைக்கோளான கனிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது, நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திலும் இந்தோனேசியாவின் ஜாவாவிலும் இருந்து வானியலாளர்கள் அதை அளந்து, கனிமீட்டுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்றார்கள். அவர்கள் கணித்த அளவு மிகுதி என்று வாயேஜர் விண்கலம் பின்னர் காட்டிய போதிலும், கேள்வியை எழுப்பியதில் காவலூருக்குப் பங்கு உண்டு. சரியாக அதே ஜூன் 7-இல், 2021-ஆம் ஆண்டு, ஜூனோ கனிமீட்டை நெருங்கிப் படம் எடுத்தது.

இப்போது மாவட்ட நூலக அலுவலர் அவர்களை நோக்கி ஒரு வேண்டுகோள். இந்திய நூலக அறிவியலின் தந்தை, சீர்காழி தந்த எஸ். ஆர். அரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அவர் முயற்சியால் 1948-இல் நம் மாநிலத்தில் நூலகச் சட்டம் வந்தது. நாம் சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம். அந்த வரியில் நூல் வாங்கலாம் என்றால் தொலைநோக்கி வாங்கவும் வழி காணலாம். 2008-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து வானியல் கழகத்தார் நூலகங்களுக்குச் சிறு தொலைநோக்கிகளை அளித்து, நூலைப் போலவே வீட்டுக்கு இரவல் தரும் முறையைத் தொடங்கினார்கள். அது பிற மாநிலங்களுக்கும் பரவியது. நான்கரை அங்குலக் கருவியே போதும். வியாழனின் பட்டைகளும் நான்கு பெருந்துணைக்கோள்களும் அதில் தெரியும். கலம் போகும் கோளைத் தன் கண்ணால் கண்ட பிள்ளைக்குக் கலத்தின் பயணம் வெறும் பாடமாக இராது. ஒரு நூலகர் தனியே முயன்றால் இது நடக்காது. நகர்மன்றமும் வணிகர் சங்கமும் பள்ளிகளும் சேர வேண்டும். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்ததையும் அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன் அவர்களின் உழைப்பையும் விரிவாகச் சொல்ல நினைத்தேன். தலைவர் மணியைக் காட்டிவிட்டார்கள். அதைப் பிறிதொரு மேடையில் பேசுவேன். நம் வட்ட நூலகத்துக்கு இரவல் தொலைநோக்கி வேண்டும் என்னும் விண்ணப்பம் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்கள் அனைவரும் உறுப்பினர் எண்ணுடன் கையொப்பமிட்டுச் செல்லுமாறும், அதை மாவட்ட நூலக அலுவலர் அவர்கள் இன்று இங்கேயே பெற்றுக்கொள்ளுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.