காசு கொடுத்து வாங்கும் அச்சம்

நேயர்களுக்கு வணக்கம். காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, இரண்டரை மணி நேரம் நடுங்கிவிட்டு, அடுத்த மாதமே அதே போன்ற இன்னொரு படத்துக்கு மக்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள் என்னும் கேள்வி, தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு நெடுநாளாகவே உண்டு. உடலில் வெளிப்படும் உணர்வுகளான எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், அது அணங்கு என்னும் வருத்தும் தெய்வம் அல்லது பேய், விலங்கு, கள்வர், தம் இறை என்னும் தம்மை ஆள்வோர் ஆகிய நான்கினால் பிறக்கும் என்றார். பேய்ப்படம், கொடுவிலங்குப் படம், முகமூடிக் கொலைகாரன் படம் ஆகியவை முதல் மூன்றில் அடங்கிவிடுகின்றன. நான்காவதில் தலைமையாசிரியரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் சொல்வதுண்டு, மாணவர்கள் மறுத்ததில்லை.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் உள்ளது எங்கள் ஊர். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் மாசி மாதத்தில், பக்கத்து ஊர் டூரிங் டாக்கீஸில் பேய்ப்படம் வந்தால், அத்தான் என்னை இரண்டாம் ஆட்டத்துக்கு அழைத்துப் போவார். தரை டிக்கெட் வாங்கி, மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்துகொள்வோம். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றுவதற்காக மூன்று நான்கு முறை இடைவேளை விடுவார்கள். பேய் கதவைத் திறக்கும் நேரத்தில் விளக்கு எரியும், முறுக்குக்காரர் வருவார், அதுவரை என் தோளைப் பிடித்திருந்த அத்தான் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பார். கொட்டகைக்குள் நாங்கள் உண்மையில் அஞ்சியதில்லை என்றே சொல்லலாம். அச்சம் திரும்பும் வழியில், படுகை மூங்கில்கள் காற்றில் ஒன்றோடொன்று உரசி முனகும் இடத்தில்தான் காத்திருந்தது. அங்கே வந்ததும் அத்தான் முருகன் பாட்டை உரக்கப் பாடத் தொடங்குவார். பாட்டின் வேகத்தை வைத்தே அவருடைய நடையின் வேகத்தைச் சொல்லிவிடலாம். வீட்டுக்கு வந்து, நள்ளிரவில் அத்தை போடும் பழைய சோற்றையும் மோரையும் உண்ணும்போது இருந்த ருசி, வேறெந்த நாளிலும் அதற்கு இருந்ததில்லை.

அந்த ருசிக்குக் காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்து டால்ஃப் சில்மன் என்னும் உளவியலறிஞரின் கருத்தைப் படித்தபோது அறிந்தேன். அஞ்சும்போது இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. ஆபத்து நீங்கியதை மனம் உடனே உணர்ந்துகொண்டாலும் உடல் அவ்வளவு விரைவில் அடங்குவதில்லை. மிஞ்சி நிற்கும் அந்தப் படபடப்பு, அடுத்து வருகின்ற நிம்மதியின்மேல் ஏறிக்கொண்டு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்பது அவருடைய விளக்கம். உடல் நம்பிவிடுகிறது, அறிவு நம்புவதில்லை. இரண்டும் பிரிந்து நிற்கும் அந்தச் சிறிய இடத்துக்காகத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்பது என் எண்ணம். பேய் உண்மையென்றே அறிவும் நம்பிவிட்டால், கொட்டகையில் ஒருவரும் இருக்கமாட்டார், முறுக்குக்காரர் உட்பட.

இனி, துணை. தனியாகப் பேய்ப்படம் பார்ப்போர் உண்டு. எனினும் பெரும்பாலோர் ஆள் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். 1986-இல் சில்மனும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வொன்றில், பக்கத்தில் இருந்த பெண் அஞ்சியபோது ஆண்களும், பக்கத்தில் இருந்த ஆண் அஞ்சாதபோது பெண்களும் படத்தை மிகுதியாக ரசித்தது தெரியவந்தது. அத்தான் ஏன் தனியாகப் போகாமல் என்னை அழைத்துப் போனார் என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. என்னைவிட அஞ்சாதவராகக் காட்டிக்கொள்ள அவருக்கு நான் தேவைப்பட்டேன்.

இந்த ஆசை சினிமாவோடு வந்ததும் அன்று. தஞ்சாவூருக்கு அருகிலுள்ள மெலட்டூரில் பாகவத மேளா என்னும் நாட்டிய நாடக விழாவில் பிரகலாத சரித்திரம் நடக்கும் இரவில், நோன்பிருந்து நரசிம்ம முகமூடி அணிபவர் ஆவேசம் கொள்வதும், இரணியன்மேல் பாயாதபடி மற்றவர்கள் அவரைப் பற்றிப் பிடிப்பதும் வழக்கம். கதை முடிவு அறியாதவர் அங்கே ஒருவரும் இல்லை. இருந்தும் விடியும்வரை விழித்திருந்து, அந்தத் தூண் பிளக்கும் நேரத்தில் மயிர்க்கூச்செறிவதற்காகக் குழந்தைகளையும் எழுப்பி உட்கார வைக்கிறார்கள்.

ஒலியைப் பற்றி விரிவாகப் பேசவேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லி விடுகிறேன். பேய் வரும்போது குழந்தைகள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், அப்போதும் அழுகிறார்கள். அடுத்த முறை காதைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். வணக்கம்.