ஏலியனும் போனசும்

(மூணாறில் நடந்த திரைப்பட ரசிகர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். 2024-இல் வந்த 'ஏலியன்: ரோமுலஸ்' படத்தின் முதல் அரை மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, கடைசி அரை மணி நேரம் பிடிக்கவில்லை. கைதட்டுகிறவர்கள் இப்போதே தட்டிவிடுங்கள், அப்புறம் திட்டத்தான் போகிறீர்கள்.

1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த முதல் படம் ஞாபகம் இருக்கிறதா? விண்கப்பலில் நீண்ட தூக்கம் கலைந்து எல்லாரும் சாப்பிட உட்காருகிறார்கள். உடனே பார்க்கரும் பிரெட்டும், இரண்டு பேரும் இன்ஜின் ஆட்கள், போனஸ் பேச்சை எடுக்கிறார்கள். எங்களுக்கும் முழுப் பங்கு வேண்டும் என்று. கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு சிக்னல் வருகிறது, போய்ப் பார்க்காவிட்டால் பங்கு மொத்தமும் போய்விடும் என்று கப்பலின் அறிவியல் அதிகாரி ஆஷ் ஒப்பந்தத்தை எடுத்துச் சொல்கிறான். அதோடு வாதம் முடிந்தது. வேறு ஊரில் இந்தக் காட்சி சும்மா கடந்து போயிருக்கும். 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, யூனியன் தலைவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, நம் அக்காமார் ரோட்டில் உட்கார்ந்த ஊர் இது. தோட்டத் தொழிலாளிப் பெண்களின் அந்தப் போராட்டம், பொம்பிளை ஒற்றுமை, என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

ரோமுலஸை எடுத்த ஃபெடே அல்வாரெஸ் உருகுவேக்காரர். அவர் இந்த இழையைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஜாக்சன்ஸ் ஸ்டார் என்று ஒரு சுரங்கக் குடியிருப்பு, வெயிலே கிடையாது. வேலை மணிக்கணக்கை முடித்துவிட்டோம், இனி வெயில் உள்ள வேறு கிரகத்துக்குப் போகலாம் என்று ரெயின் என்கிற பெண் ஆபீஸ் ஜன்னலில் போய் நிற்கிறாள். அங்கே இருக்கிற அம்மா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் பற்றாக்குறை, முடிக்க வேண்டிய கணக்கு 24,000 மணி ஆகிவிட்டது என்று ரசீது கிழிப்பதுபோலச் சொல்லி அனுப்புகிறார். இன்னும் ஏலியன் தலைகூடக் காட்டவில்லை, எனக்கு அதற்குள் வியர்த்துவிட்டது. வேலை இருந்தால்தான் வீடு, ஓய்வு பெற்றால் லயத்தை, அதாவது தோட்டக் கம்பெனி கொடுத்த வரிசை வீட்டை, காலி செய்யணும், அந்த வீட்டை விடக்கூடாது என்பதற்காகவே படித்த பிள்ளை ஒன்று மறுபடி கொழுந்து கிள்ளப் போகணும் என்கிற கணக்கு தெரிந்தவர்களுக்கு ரெயின் முகத்தைப் பார்த்தாலே போதும்.

ஆண்டியாக வரும் டேவிட் ஜான்சனைத் தனியாகச் சொல்லணும். ஆண்டி ஒரு செயற்கை மனிதன், ரெயினுக்குத் தம்பி மாதிரி, அசட்டு ஜோக் சொல்லிக்கொண்டு திரிகிறவன். கம்பெனி சிப் ஒன்றை உள்ளே போட்டதும் முதுகு நிமிர்கிறது, திக்கல் போய்விடுகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ரெயினின் தோழி கே நின்று கதறுகிறாள், இவன் திறக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை, கணக்குப் போடுகிறான், அவ்வளவுதான். படத்திலேயே என்னை நடுங்க வைத்தது அந்த முகம்தான். ஏலியனின் அமில ரத்தம் இவர்கள் மாட்டிக்கொண்ட விண்வெளி நிலையத்தை ஓட்டை போட்டுவிடும் என்பதால் ஈர்ப்பு விசையை நிறுத்திவிட்டுச் சுடுகிற காட்சியும் பிரமாதம், அதை மறுக்கவில்லை.

அப்புறம் எதற்கு ஆஷின் முகத்தோடு வருகிற அந்த ரூக் என்கிற செயற்கை மனிதன்? முதல் படத்தில் ஆஷாக நடித்த இயன் ஹோம் 2020-இல் இறந்துவிட்டார். குடும்பத்தின் சம்மதம் வாங்கித்தான் அவர் முகத்தைக் கொண்டுவந்தார்கள், சரி. ஆனால் வாயசைவு ஒட்டவில்லை. அதோடு, உழைப்பவனைக் கம்பெனி விடாது என்று சொல்ல வந்த படமே, செத்த மனிதரைக் கூப்பிட்டு மறுபடி ட்யூட்டியில் உட்கார வைக்கிறதே! இதே வரிசையில் வந்த 1986 படத்தின் புகழ்பெற்ற வசனத்தையும் ஆண்டி வாயில் திணித்திருக்கிறார்கள். தியேட்டரே விசில் அடித்தது, எனக்கு எரிச்சல்தான் வந்தது. கடைசியில் வருகிற ஜந்துவும் இதே வரிசையின் 1997 படத்தில் பார்த்ததன் ஒன்றுவிட்ட தம்பி.

அடுத்த பாகம் எடுத்தால் ரெயினும் ஆண்டியும் அந்த வெயில் கிரகத்தில் இறங்கட்டும், அங்கே என்ன ஒப்பந்தம் காத்திருக்கிறது என்று காட்டட்டும், பழைய வசனம் ஒன்றுகூட வேண்டாம். சரி, பின்வரிசையில் ரூக் ரசிகர்கள் இரண்டு பேர் அப்போதே கையைத் தூக்கிவிட்டார்கள். மைக்கை அங்கே கொடுங்கள்.