அம்மா கேட்ட கேள்வியும் ஆயிரம் வயதுக்காரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜப்பானில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வருஷத்தில் நான்கு வாசல். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர். இந்த மாதங்கள் பிறக்கும்போது சேனல்கள் எல்லாம் அட்டவணையை மாற்றிவிடும். பழையவை முடிந்து புதியவை உள்ளே வரும். ஒரு காலாண்டுக்கு 12, 13 வாரம்தானே? அதனால் அனிமே என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடர்களும் பெரும்பாலும் 12, 13 எபிசோடில் ஒரு கட்டத்தை முடித்துக்கொள்கின்றன. இந்தக் காலாண்டுக் கணக்கை அங்கே ‘கூர்’ என்கிறார்கள். பார்க்கிற நாங்கள் ‘சீசன்’ என்கிறோம். இன்று நான் பேச வந்தது 2023 அக்டோபர் சீசனைப் பற்றி.

ஒரு சீசனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புதுத் தொடர்கள் வருகின்றன. பாதிக்கு மேல் நள்ளிரவுக்குப் பிறகுதான் ஒளிபரப்பாகும். ஜப்பானிய அட்டவணையில் ‘25:30’ என்று நேரம் போட்டிருப்பதைப் பார்த்து முதலில் நான் அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இரவு ஒன்றரை மணியை அப்படி எழுதுகிறார்கள். ஆட்கள் இன்னும் தூங்கவில்லை, ஆகவே அந்த நாளும் இன்னும் முடியவில்லை என்பது கணக்கு. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

இத்தனை தொடர்களையும் யாராலும் பார்க்க முடியாது. எனவே ரசிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. எதையும் மூன்று எபிசோட் பார், அதற்குப் பிறகு முடிவு செய். ஆனால் இப்போது அந்த மூன்று எபிசோடுக்கும் பொறுமை குறைந்துவிட்டது. முதல் எபிசோட் பிடிக்கவில்லையா, அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். தயாரிப்பவர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் பல தொடர்களின் முதல் எபிசோட் கையில் இருக்கிற பட்டாசையெல்லாம் ஒரே இரவில் கொளுத்திவிடுகிறது. சண்டை, வெடிப்பு, அலறல். நான்காவது வாரம் பார்த்தால் கொளுத்த ஒன்றும் மிச்சமிருக்காது.

அந்த 2023 அக்டோபர் சீசனில் என்னைப் பிடித்து உட்காரவைத்த மூன்று தொடக்கங்களும் வேறு வழியில் போயின. மூன்றும் ஒரு சாவிலிருந்து தொடங்குகின்றன. செத்தவரைவிட, பின்னால் நிற்பவர் முகத்தைத்தான் கேமரா அதிக நேரம் பார்க்கிறது.

முதலில் ‘சோசோ நோ ஃப்ரீரென்’. கனேஹிதோ யமதா எழுத, த்சுகாசா அபே வரைய, 2020-இல் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது. அனிமேயாக்கியது மேட்ஹவுஸ் ஸ்டூடியோ. இயக்கம் கெய்இச்சிரோ சைத்தோ. அதற்கு முந்தைய வருஷம், 2022 அக்டோபரில் ‘போச்சி தி ராக்’ தொடரைத் தந்தவர். நிப்பான் தொலைக்காட்சி செப்டம்பர் 29 வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு, வழக்கமாக முழுநீளப் படங்கள் போடும் இடத்தில், இதன் முதல் நான்கு எபிசோடுகளையும் சேர்த்து இரண்டு மணி நேரம் போட்டது. ஒரு புதுத் தொடருக்கு அந்த இடத்தைத் தந்தது பெரிய காரியம்.

கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா? எல்லாம் முடிந்த இடத்தில். அசுர அரசனைக் கொல்லப் போன நான்கு பேர் வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வருகிறார்கள். ஹிம்மெல் என்ற வீரன், ஹைட்டர் என்ற குரு, ஐசென் என்ற குள்ள இனத்துப் போர்வீரன், ஃப்ரீரென் என்ற மந்திரக்காரி. பத்து வருஷப் பயணம் அது. சண்டையை நமக்குக் காட்டவே இல்லை. பெயர்களெல்லாம் ஜெர்மன் சொற்கள் என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். ஹிம்மெல் என்றால் வானம், ஐசென் என்றால் இரும்பு, ஃப்ரீரென் என்றால் உறைந்துபோதல்.

ஃப்ரீரென் எல்ஃப் என்ற நீண்ட ஆயுள் கொண்ட கற்பனை இனம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவள். பத்து வருஷம் அவளுக்கு ஒரு மதியப் பொழுது மாதிரி. திரும்பி வந்த அன்று இரவு ஊர்க்கூட்டத்தோடு நால்வரும் நட்சத்திர மழை பார்க்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை வருவது. இதைவிட அழகாகத் தெரிகிற இடம் எனக்குத் தெரியும், அடுத்த முறை கூட்டிப்போகிறேன் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். அவர்கள் சிரிக்கிறார்கள். நாளைக்கு வா, கடைக்குப் போவோம் என்பது போலத்தான் அவள் சொல்கிறாள். மனிதனாகிய ஹிம்மெலுக்கு அடுத்த ஐம்பது வருஷம் என்றால் என்ன என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஐம்பது வருஷம் கழித்து வருகிறாள். அதுவும் அவனைப் பார்க்க என்று வரவில்லை, அவனிடம் கொடுத்துவைத்த ஒரு டிராகன் கொம்பை வாங்கிப்போக வருகிறாள். கதவைத் திறந்தால் வழுக்கைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக ஒரு குட்டைத் தாத்தா நிற்கிறார். அந்தக் கொம்பை இத்தனை வருஷமும் அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். நால்வரும் மறுபடி நடந்துபோய் அந்த நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். அடுத்த காட்சி, ஹிம்மெலின் அடக்கம்.

அதுவரை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு ஜப்பானிய மொழியும் தெரியாது, ஓடுகிற சப்டைட்டிலையும் படிக்க மாட்டார். படத்தை மட்டும் அவ்வப்போது நிமிர்ந்து பார்ப்பார். “ஏண்டா, எல்லாரும் கிழவனாயிட்டாங்க, இந்தப் பொண்ணுக்கு மட்டும் வயசே ஆகலையா?” என்று கேட்டார். இவளுக்கு ஆயிரம் வயசுக்கு மேல என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ எல்லாரையும் இவதானே வழியனுப்பணும்” என்றார்.

நேயர்களே, ‘சோசோ’ என்ற ஜப்பானியச் சொல்லுக்கு, இறந்தவரைக் கடைசியாக வழியனுப்பிவைத்தல் என்றுதான் பொருள். தொடரின் பெயரே அதுதான். அம்மாவுக்கு நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அடக்கத்தில் ஃப்ரீரென் அழாமல் நிற்கிறாள். இவளுக்கு ஈரமே இல்லையா என்று கூட்டத்தில் முணுமுணுக்கிறார்கள். மண் போடும்போதுதான் உடைகிறாள். இந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே, மனித ஆயுள் குறுகியது என்று தெரிந்தும் ஏன் இவரைத் தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேன் என்று அழுகிறாள். அதற்குப் பிறகு கதையில் காலம் காட்டும் எழுத்துகள் திரையில் வரும்போதெல்லாம் ‘வீரன் ஹிம்மெல் இறந்து இத்தனை வருஷம் கழித்து’ என்றே வருகின்றன. மன்னர்கள் பட்டமேறிய ஆண்டிலிருந்து காலத்தை எண்ணுவதைப் படித்திருக்கிறோம். இங்கே ஒரு நண்பனின் சாவிலிருந்து எண்ணுகிறார்கள்.

ஹைட்டர் வளர்த்த ஃபெர்ன் என்ற அநாதைப் பெண் பிறகு சீடப்பெண்ணாக வந்து சேர்கிறாள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பாறையை மந்திரத்தால் துளைக்க வேண்டும் என்பது அவளுக்கு வைத்த பாடம். அந்தப் பாடம் வருஷக்கணக்கில் நடக்கிறது. திரையில் சில நிமிஷங்கள்தான். ஹைட்டர் இதற்குள் படுக்கையில் விழுந்துவிடுகிறார். தன் கண் மூடுவதற்குள் இவள் தனியாக நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கிழவரின் அவசரம். அந்தப் பாறையில் துளை விழுகிற காட்சியில் நான் அசையாமல் இருந்தேன்.

இந்த அமைதியை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு வார்த்தை. 1963 ஜனவரி 1-ஆம் தேதி, மங்கா ஓவியர் ஒசாமு தெசூகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ ஃபூஜி தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒரு அரைமணி நேர அனிமேஷன். அதற்கு வேண்டிய ஆளும் இல்லை, பணமும் இல்லை. திரையில் வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஒரே படத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தினால் 8 படம் வரைந்தால் போதும். முகத்தை அப்படியே விட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்தால் இன்னும் மிச்சம். வேறு வழியில்லாமல் பிறந்த அந்த அசையாமை, அறுபது வருஷத்தில் ஜப்பானிய அனிமேக்குச் சொந்தமான ஒரு மொழியாகிவிட்டது. அசையாத முகத்தைப் பார்க்கும்போது அதற்குள் என்ன ஓடுகிறது என்று நாமே தேட ஆரம்பிக்கிறோம். ஃப்ரீரென் முகம் அப்படிப்பட்டது. ஆனால் அதைச் சுற்றி முடி காற்றில் அலைகிறது, புல் சாய்கிறது, இலை விழுகிறது. இசையமைப்பாளர் எவான் கோலின் இசை அதற்குமேல் குரலை உயர்த்தாமல் கூடவே வருகிறது.

இரண்டாவது தொடர் ‘குசுரியா நோ ஹிதோரிகோதோ’. மருந்துக்காரி தனக்குத்தானே பேசிக்கொள்வது என்று தலைப்பைச் சொல்லலாம். நாட்சு ஹ்யூகாவின் நாவல் வரிசையிலிருந்து வந்தது. அக்டோபர் 22 அன்று மூன்று எபிசோடுகளைச் சேர்த்துப் போட்டார்கள். பழைய சீனத்தைப் போலக் கற்பனை செய்த ஒரு நாடு. தாசிகள் தெருவில் மருந்து தயாரித்துக்கொண்டிருந்த மாவ்மாவ் என்ற பெண்ணைக் கடத்தி, அரண்மனை அந்தப்புரத்தில் வேலைக்காரியாக விற்றுவிடுகிறார்கள். அங்கே அரசரின் குழந்தைகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. சாபம் என்கிறார்கள். முகத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பவுடர்தான் காரணம் என்று இவள் கண்டுபிடிக்கிறாள். ஈயம் கலந்த பவுடர். இது கதைக்காகக் கட்டியது இல்லை. சீனம், ஜப்பான், ஐரோப்பா எல்லா இடத்திலும் ஈய வெள்ளையைப் பல நூற்றாண்டுகள் முகத்தில் பூசியிருக்கிறார்கள்.

தன் பாவாடை ஓரத்தைக் கிழித்து, அதில் எச்சரிக்கை எழுதி, பூங்கிளையில் கட்டி இரண்டு ராணிகளின் வாசலிலும் வைக்கிறாள். ஒருத்தி கேட்கிறாள், அவள் குழந்தை பிழைக்கிறது. இன்னொருத்தி வீட்டில் கேட்கவில்லை. எழுதியவள் யார் என்று தேடிவரும் ஜின்ஷி என்ற அழகான அதிகாரி, வேலைக்காரிகளை வரிசையாக நிற்கவைத்து ஒரு தாளைத் தூக்கிக் காட்டுகிறான். முகத்தில் புள்ளி உள்ள பெண் மட்டும் இரு என்று அதில் எழுதியிருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் கலைந்து போகிறார்கள். படிக்கத் தெரிந்தவள் நின்றுவிடுகிறாள். எழுத்தறிவு ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுக்கிற அந்தக் காட்சியை இரண்டு முறை பார்த்தேன். அவோய் யூகி மாவ்மாவுக்குக் கொடுத்திருக்கிற குரலை நீங்கள் கேட்க வேண்டும். விஷம் என்றவுடன் அந்தப் பெண்ணுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே!

மூன்றாவது, அக்டோபர் 26-இல் நெட்ஃபிளிக்ஸில் எட்டு எபிசோடும் ஒன்றாக வந்த ‘ப்ளூட்டோ’. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். தெசூகா 1964-65-இல் வரைந்த ‘அஸ்ட்ரோ பாய்’ கதையின் ஒரு பகுதியை எடுத்து, நவோகி உரசாவா 2003-இலிருந்து பெரியவர்களுக்கான மங்காவாக வரைந்தார். அதன் அனிமே வடிவம். உலகின் மிகச் சக்திவாய்ந்த ரோபோக்கள் ஒவ்வொன்றாகக் கொல்லப்படுகின்றன. துப்பறிகிறவர் கெஸிக்ட், அவரும் ரோபோதான். ரோந்து போலீஸ் ரோபோ ஒன்று பணியில் அழிந்துவிடுகிறது. அந்தச் செய்தியைச் சொல்ல அதன் மனைவியிடம் போகிறார். மனைவி பழைய மாடல் வீட்டு வேலை ரோபோ. முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, உலோகம்தான். கண்ணீர் வர வழியில்லை. நினைவுகள் பாரமாக இருந்தால் அழித்துவிடலாம் என்கிறார் கெஸிக்ட். வேண்டாம், இருக்கட்டும் என்கிறாள் அவள். மனிதர்கள் நடித்திருந்தால் அந்த இடத்தில் எத்தனை அழுகை இருந்திருக்கும். இங்கே ஒரு தகர முகம் சும்மா இருக்கிறது. நம் தொண்டைதான் அடைக்கிறது.

அதே எபிசோடில், போரில் ஆயுதமாக இருந்த நார்த் நம்பர் 2 என்ற ரோபோ, ஸ்காட்லாந்தில் கண் தெரியாத ஓர் இசையமைப்பாளர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்து, பியானோ கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறது. தன் ஆயுதக் கைகளை அங்கி போட்டு மூடிவைத்திருக்கிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை மட்டுமாவது பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஓவர்டேக்’ மனிதர்களைப் படம்பிடிக்க முடியாமல் போன ஒரு புகைப்படக்காரரும் ஒரு கார் பந்தயப் பையனும் சந்திக்கிற கதை, மெதுவாகப் பிடிக்கிறது. ‘ஷாங்ரிலா ஃப்ரான்டியர்’ பறவை முகமூடி போட்ட ஒரு கேம் வெறியனின் கதை, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கூட உட்கார்ந்து பார்க்கலாம். செத்து வேறு உலகத்தில் பிறக்கிற கதைகள் அந்த முறையும் வந்தன. நான்கைத் தொட்டேன். அங்கேயும் சாவில்தான் தொடக்கம். ஆனால் செத்தவனை நினைத்து அழ அவன் விட்டுவந்த உலகத்தில் யாருமே இல்லாதது போல முதல் இரண்டு நிமிஷத்தில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

இன்னொன்று. ‘ஸ்பை ஃபேமிலி’ இரண்டாவது சீசனும் அதே அக்டோபர் 7-ஆம் தேதி தொடங்கியது. அதில் வரும் குட்டிப்பெண் அன்யாவின் மழலை அம்மாவுக்கு உயிர். ஃப்ரீரெனுக்குக் குரல் கொடுப்பவரும் அதே அத்சுமி தனேசாகிதான் என்று அப்போது சொன்னேன். அம்மா நம்பவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன். பள்ளிக்கூடம் போகிற குழந்தையும் ஆயிரம் வருஷம் பார்த்தவளும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “குழந்தை வேகமாப் பேசுது, இவ ஒவ்வொரு வார்த்தையும் எடுத்து வைக்கிறா, ஆனா மூச்சு ஒண்ணுதான்” என்றார்.

கதையில் அதன் பிறகு ஃப்ரீரென் வடக்கே போகிறாள். இறந்தவர்களின் ஆன்மாக்கள் இருக்கும் இடம் ஒன்று அங்கே உண்டாம். ஹிம்மெலிடம் பேசவேண்டியதைப் பேசத்தான் அந்தப் பயணம். அந்த சீசனில் வெள்ளிக்கிழமை தோறும் ஜப்பானில் இரவு 11 மணிக்கு அடுத்த எபிசோட் வந்தது. நம் ஊரில் அது மாலை ஏழரை. அம்மா அன்றைக்கு ஆறு மணிக்கே சமையலை முடித்துவிடுவார்.

வணக்கம்.