குற்றவாளி எங்கே போனார்?

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், மாங்கா என்ற ஜப்பானியப் படக்கதை ஒன்றைப் பற்றிப் பேசினால் கேட்போம் என்று வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மாங்கா எழுதி வரையும் அமானோ அகிராவின் துப்பறியும் தொடர் ‘கமோனோஹாஷி ரோன்’ அவருடைய பழைய வாசகர்களுக்கு நிறைவா, ஏமாற்றமா? இதுதான் இன்றைய தலைப்பு. ஏமாற்றமே என்று பேச வந்திருக்கிறேன். வெற்றி பெறுவதற்காக எடுத்துக்கொண்ட அணி இல்லை இது. மனசுக்குள் நாலு வருஷமாகக் கிடக்கிற வருத்தம்.

2009-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில், பெரியம்மா வீட்டில் அண்ணனுடைய கணினியில்தான், அமானோவின் முந்தைய மாங்காவான ‘ரீபார்ன்’ கதையின் அனிமேயை, அதாவது அதன் கார்ட்டூன் தொடரை, முதன்முதலாகப் பார்த்தேன். படிப்பு வராது, விளையாட்டு வராது, பேசவும் பயம். அப்படி ஒரு பையன் ஸவாதா ட்சுனா. அவனை இத்தாலிய மாஃபியாக் குடும்பம் ஒன்றின் பத்தாவது தலைவனாக்க, கோட்டு சூட்டு போட்ட ஒரு குழந்தை வீட்டு வாத்தியாராக வந்து சேர்கிறது. கேட்டால் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் அந்த விடுமுறை முழுக்க நான் அந்த வீட்டில்தான் குடியிருந்தேன். 2012 நவம்பரில் மாங்கா 409-ஆவது அத்தியாயத்தோடு முடிந்தபோது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அன்று மாலை விடுதி மொட்டைமாடியில் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எதிரணித் தலைவர் அண்ணன் பேசும்போது, “பழைய வாசகர்களுக்கு மாற்றம் பிடிக்காது, அதுதான் உங்கள் பிரச்சினை” என்றார். நடுவர் அவர்களே, ‘ரீபார்ன்’ வாசகரைப் பார்த்துச் சொல்லக்கூடிய குற்றச்சாட்டா இது? 2004-இல் வார இதழான ஷோனென் ஜம்ப்பில் அது தொடங்கியபோது முழுக்க முழுக்கச் சிரிப்புக் கதை. அறுபதுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் அப்படியே போயின. பிறகு ரோகுதோ முகுரோ என்ற எதிரி வந்தான், கதை ஒரே திருப்பத்தில் சண்டைக் கதையாக மாறியது. நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை. 2013-இல் அமானோ விண்வெளிப் போலீஸ் கதையாக ‘எல்ட்லைவ்’ தொடங்கினார், பதினொரு தொகுதி வந்தது, அதையும் படித்தோம். 2020 அக்டோபரில் ஜம்ப் ப்ளஸ் என்ற செயலியில் துப்பறியும் தொடர் என்று அறிவிப்பு வந்தபோது குதித்தவர்களில் நானும் ஒருத்தி. மாறியதற்காக வருந்தவில்லை அண்ணா. மாறும்போது அவர் கையிலிருந்த மிகப் பெரிய சொத்தை எங்கேயோ வைத்துவிட்டு வந்துவிட்டார். அதற்காகத்தான் வருத்தம்.

அந்தச் சொத்து என்ன? ‘ரீபார்ன்’ கதையில் ஒருவரும் கதையை விட்டு வெளியேற மாட்டார்கள்.

முகுரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் ஒரு மாஃபியாக் குடும்பம் அவனை ஆராய்ச்சிப் பொருளாக வைத்துச் சித்திரவதை செய்திருக்கிறது. அதனால் மாஃபியா என்ற வார்த்தையையே அழிக்கத் துடிக்கிறான். ட்சுனா அவனைத் தோற்கடிக்கிறான், சிறைக்காவலர்கள் சங்கிலி போட்டு இழுத்துப் போகிறார்கள். வேறு கதை என்றால் அங்கே முகுரோ முடிந்தான். இங்கே? நீர் நிரப்பிய தொட்டிக்குள் அடைக்கப்பட்டுக் கிடக்கும் அவனுடைய வேதனை ட்சுனாவின் மனக்கண்ணில் வந்து நிற்கிறது. தன்னைக் கொல்ல வந்தவன் எங்கே எப்படிக் கிடக்கிறானோ என்று அந்தப் பையன் கலங்குகிறான். அடுத்த பாகத்தில் அதே முகுரோ, குரோம் என்ற பெண் வழியாக, ட்சுனாவின் அணியிலேயே மூடுபனிக் காவலராக நிற்கிறான். மோதிரச் சண்டையில் எதிரியாக வந்த ஸான்ஸஸின் கூட்டம் எதிர்காலப் பாகத்தில் தோளோடு தோள் நின்று போரிடுகிறது. உலகத்தையே விழுங்கப் பார்த்த ப்யாகுரான்கூட கடைசிப் பாகத்தில் ட்சுனாவுக்கு உதவ வருகிறான். தோற்றவனைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாத எழுத்து அது. நாற்பத்திரண்டு தொகுதியையும் ஒரு நூலாகக் கோத்தது அதுதான் என்பேன்.

இப்போது ரோனிடம் வருவோம். படிக்காத பெரியவர்களும் இங்கே இருக்கிறீர்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கமோனோஹாஷி ரோன் ‘ப்ளூ’ என்ற துப்பறியும் பயிற்சிக் கல்லூரியில் மேதை என்று பெயர் எடுத்தவர். ஒரு கொடூரச் சம்பவத்துக்குப் பிறகு துப்பறியவே கூடாது என்று தடை விதித்து வெளியேற்றுகிறார்கள். காரணம் அவரிடம் இருக்கும் ஒரு கோளாறு. குற்றவாளியைக் கண்டுபிடித்து நெருக்கும்போது, அந்த ஆளைத் தற்கொலைக்குத் தள்ளிவிடுகிறார். அதை அடக்க அவரால் முடிவதில்லை. தலைமுடியும் வெட்டாமல், எதைச் சாப்பிட்டாலும் நாட்டுச்சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொண்டு, அறைக்குள் அடைந்து கிடக்கும் அவரைத் தேடி வருகிறார் டோக்கியோ காவல்துறையின் இஷ்ஷிகி டோட்டோமாரு. வெகுளி, நல்ல மனசு, வேலையில் மட்டும் சுமார். ரோன் கண்டுபிடிக்க, டோட்டோமாரு தான் கண்டுபிடித்ததாகப் பேச, ஜோடி அமைகிறது. ரோன் எல்லை மீறும்போது தடுத்து நிறுத்துவதும் டோட்டோமாருதான்.

இந்தக் கரு எவ்வளவு பெரியது என்று புரிய, ஜப்பானியத் துப்பறியும் கதைகளின் ஒரு பழைய பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். யோகோமிஸோ சேய்ஷி 1946-இல் அறிமுகப்படுத்திய துப்பறிவாளர் கிந்தாய்ச்சி கோசுகேயின் காலத்திலிருந்தே, உண்மை வெளிவந்ததும் குற்றவாளி தன்னை மாய்த்துக்கொள்வது அங்கே அடிக்கடி வரும் முடிவு. 1992-இல் வந்த கிந்தாய்ச்சி பேரனின் மாங்காவிலும் அது உண்டு. துப்பறிவாளர் விளக்குவார், குற்றவாளி அழுவார், செத்துப்போவார், திரை விழும். அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

கேட்ட ஒருவர் அவோயாமா கோஷோ. ‘துப்பறிவாளர் கோனன்’ தொடரின் ஆரம்பத் தொகுதிகளில், ஒரு தீவில், பியானோ இசையோடு சம்பந்தப்பட்ட கொலை வழக்கு ஒன்று வரும். எரியும் கட்டடத்துக்குள் குற்றவாளி பியானோ வாசித்தபடியே இறந்துபோகிறார். கோனனால் காப்பாற்ற முடியவில்லை. அதோடு அவோயாமா அதை விட்டுவிடவில்லை. பிறகு வேறொரு வழக்கில், குற்றவாளியை நெருக்கிச் சாகவிடும் துப்பறிவாளர் கொலைகாரரிலிருந்து வேறுபட்டவர் இல்லை என்று சிறுவனான கோனன் வாயாலேயே சொல்ல வைத்தார். ஒரே ஒரு மரணம், அந்தப் பாத்திரத்துக்கே ஒரு விரதமாக நின்றுவிட்டது.

இப்போது பாருங்கள் நடுவர் அவர்களே. அவோயாமா ஒரு வழக்கில் தொட்ட கேள்வியை, அமானோ ஒரு தொடருக்கே அஸ்திவாரமாகப் போட்டிருக்கிறார். துப்பறிதலே ஆளைக் கொல்லும் என்றால் துப்பறியலாமா? முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. முகுரோவை எழுதிய கை இந்தக் கேள்வியை எழுதப் போகிறது, விடுமா என்று நினைத்தேன்.

விட்டுவிட்டது.

ஒவ்வொரு வழக்கிலும் என்ன நடக்கிறது? உலர்ந்த இடத்தில் நீரில் மூழ்கிச் செத்த உடல், வெந்நீர் ஊற்று விடுதியில் கொலை, வானாய்வு மையத்தில் கொலை என்று புதிர் விதவிதமாக வருகிறது. ரோன் அவிழ்க்கிறார். அவர் கண்ணில் அந்த இருட்டு வருகிறது. குற்றவாளி விளிம்புக்குப் போகிறார். டோட்டோமாரு தடுக்கிறார். கைவிலங்கு மாட்டுகிறார்கள். முடிந்தது, அடுத்த வழக்கு. சாவின் வாசல் வரை போய்த் திரும்பிய அந்த மனுஷன் அதற்குப் பிறகு என்ன ஆனார்? ராத்திரி அவருக்குத் தூக்கம் வருமா? தன்னைக் காப்பாற்றியவரை நினைப்பாரா, தள்ளியவரை நினைப்பாரா? ரோன் ஒரு தடவையாவது போய்ச் சிறையில் பார்த்தாரா? பெரும்பாலான வழக்குகளில் இந்தப் பேச்சே எழுவதில்லை. எதிரியைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளும் தேடிப் போன எழுத்தாளர், காப்பாற்றப்பட்டவரைக் காவல் வண்டியோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார். இங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்தது.

“துப்பறியும் தொடர் என்றாலே வழக்குக்கு வழக்கு ஆள் மாறத்தானே செய்வார்கள்” என்று எதிரணித் தங்கை கேட்டாள். நியாயமான கேள்விதான். கோனனிலும் அப்படித்தான், அங்கே நான் குறை சொல்வதில்லை. ஏனென்றால் கோனன், குற்றவாளியின் உயிரைப் பற்றிய கதை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. ரோன் அப்படிச் சொல்லிக்கொண்டு வந்த கதை. தொடரின் முழுத் தலைப்பிலேயே தடைசெய்யப்பட்ட துப்பறிதல் என்று போட்டிருக்கிறார்கள். அந்தத் தடை ஒவ்வொரு வழக்கின் கடைசிப் பக்கத்தில் இழுக்கும் பிரேக்காக மட்டும் ஆகிவிட்டால், அஸ்திவாரம் எதற்கு?

புதிர்களைப் பற்றி நீளமாகப் பேசப் போவதில்லை. சில நன்றாக இருக்கின்றன. பலவற்றில் பூட்டைத் திறக்கும் சாவி ரோனின் தலைக்குள்ளேயே இருந்து கடைசியில்தான் வெளியே வருகிறது, நமக்கு அதற்கு முன் அதைத் தடவிப் பார்க்கக்கூட வாய்ப்பில்லை. புதிருக்காகவே அமானோவிடம் போனவள் இல்லை நான் என்பதால் அது எனக்கு இரண்டாம் பட்சம்.

இன்னொன்றை மட்டும் சொல்லாமல் போக முடியாது. ரத்தம்.

‘ரீபார்ன்’ கதையிலும் வம்சம் உண்டு. ட்சுனா அந்த மாஃபியாக் குடும்பத்தை நிறுவியவரின் வழித்தோன்றல். ஆனால் எதிர்காலப் பாகத்தில் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் செய்த கொலைகளை மோதிரத்தின் வழியாக அவனுக்குக் காட்டி, இதையெல்லாம் சுமக்கத் தயாரா என்று முன்னோர்கள் கேட்கிறார்கள். அந்தப் பயந்தாங்கொள்ளிப் பையன் என்ன சொல்கிறான்? இப்படிப்பட்ட பாவத்தைச் சுமப்பதைவிட இந்தக் குடும்பத்தையே நான் உடைத்துவிடுகிறேன் என்கிறான்! அந்தப் பக்கத்தில் நான் அழுதேன். வம்சம் அங்கே ஒரு கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் அவன்.

ரோனிலோ, ஷெர்லாக் ஹோம்ஸின் ரத்தமும் அவருடைய பரம எதிரி மோரியார்ட்டியின் ரத்தமும் ஒருவருக்குள்ளேயே ஓடுகின்றன என்று கதை சொல்கிறது. மோரியார்ட்டி வம்சம் பின்னாலிருந்து ஆட்டும் எதிரியாக வருகிறது. கேட்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் ஏன் இவ்வளவு புத்திசாலி, ஏன் இவ்வளவு ஆபத்தானவர் என்று தவித்துக்கொண்டிருந்த வாசகரின் கையில் ஒரு வம்ச மரத்தைக் கொடுத்தால் அந்தத் தவிப்பு அணைந்துபோகிறது. கெட்ட எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று ரோன் தனக்குள்ளே தேட வேண்டிய நேரத்தில், வெளியே ஒரு வில்லன் குடும்பத்தைக் காட்டிவிட்டார்கள்.

நல்லதை மறைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. கோடு முன்னைவிட நயமாகியிருக்கிறது. ரோன் சோம்பலாகச் சுருண்டு கிடப்பதையும், அடுத்த கட்டத்தில் கண் விரிந்து நிமிர்வதையும் அவர் வரைகிற அழகுக்கு நான் இன்னும் அடிமை. 2023-இலும் 2024-இலுமாக இருபத்தாறு எபிசோட் அனிமே வந்து, புது வாசகர்கள் ஏராளமாக வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிடித்திருக்கிறது, பிடிக்கட்டும். “அவர்களுக்குப் பிடித்ததே போதாதா” என்றீர்கள். தலைப்பு பழைய வாசகரைப் பற்றியது. புது வீட்டுக்கு விருந்தினர் நிறைய வருகிறார்கள் என்று சொன்னால், பழைய வீட்டில் வளர்ந்த பிள்ளையின் கேள்விக்கு அது பதில் ஆகாது.

எதிரணியில் கடைசியாகப் பேசிய தம்பி என்னைப் பார்த்தே கேட்டான்: “அக்கா, இவ்வளவு ஏமாற்றம் என்றால் இன்னும் ஏன் படிக்கிறீர்கள்?” முதல் மணி அடித்துவிட்டது, இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு அமர்கிறேன்.

டோட்டோமாருவுக்காகப் படிக்கிறேன் தம்பி. ரோனின் கோளாறு தெரிந்தும், அடுத்த வழக்குக்கும் அதே கதவைப் போய்த் தட்டுகிற மனசு அது. தன்னை நம்பாத ஒருவரைத் தான் நம்புவது என்று முடிவு செய்துவிட்ட ஆள். ட்சுனா வளர்ந்து காவல்துறையில் சேர்ந்திருந்தால் அப்படித்தான் இருப்பான் என்று எனக்குத் தோன்றும். அந்தப் பழைய அமானோ எங்கேயும் போய்விடவில்லை, அந்த ஒரு பாத்திரத்துக்குள் இருக்கிறார். டோட்டோமாரு ஒருநாள், தான் தடுத்துக் காப்பாற்றிய ஒரு குற்றவாளியைப் பார்க்கச் சிறைக்குப் போவார், போகும்போது ரோனையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ரோன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த அத்தியாயம் வந்திருக்கிறதா என்றுதான் ஒவ்வொரு தடவையும் செயலியைத் திறக்கிறேன்.

நன்றி, வணக்கம்.