பட்டியலில் இல்லாத அக்கா

வணக்கம் நேயர்களே. பிறப்பத்தாட்சிப் பத்திரம், கலியாண எழுத்துப் பத்திரம் போன்றவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். கொரோனாக் காலத்தில் கனடாவுக்குள் யார் வரலாம், யார் வர முடியாது என்று இருந்த விதிகளைப் பற்றிப் பேசக் கேட்டார்கள். ஒரு சட்டத்தரணியை அழைத்திருக்கலாமே என்றேன். "ஆட்கள் உங்களிடம்தானே வந்து அழுதார்கள்" என்றார்கள். அது உண்மைதான்.

2020 மார்ச் 16 ஆம் திகதி அப்போதைய பிரதமர் ட்ரூடோ தன் வீட்டு வாசலில் நின்று எல்லையை மூடப்போவதாக அறிவித்தார். 18 ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை உள்ளவர்களைத் தடுக்க முடியாது. நாட்டுக்குள் நுழையும் உரிமையைக் கனடாவின் உரிமைகள் சாசனத்தின் 6 ஆம் பிரிவே அவர்களுக்குக் கொடுக்கிறது. பி.ஆர். எனும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் வரலாம். இந்த இரு பகுதியினரின் நெருங்கிய குடும்பத்தாருக்கும் விலக்கு இருந்தது. ஆனால் சும்மா பார்த்துவிட்டுப் போக அந்த விலக்கு உதவாது. ஜூன் மாதத்தில்தான், 15 நாளாவது தங்குவதென்றால் வேறு காரணம் காட்டத் தேவையில்லை என்று தளர்த்தினார்கள்.

சரி, நெருங்கிய குடும்பம் என்றால் யார்? கணவன், மனைவி, சேர்ந்து வாழும் துணை, தங்கி வாழும் பிள்ளைகள், தாய் தகப்பன், பாதுகாவலர். பட்டியல் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கூடப்பிறந்தவர்கள் இல்லை. அம்மம்மா, அப்பப்பா இல்லை. வேலைக்குப் போகும் வளர்ந்த மகனும் இல்லை. சித்தி, பெரியப்பா, மாமா எல்லாம் எந்தக் காலத்திலும் அந்தப் பட்டியலுக்குக் கிட்டவும் வந்ததில்லை.

அந்தக் கோடையில் ஸ்காபரோவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தகப்பனுக்குக் கடும் வருத்தம், யாழ்ப்பாணத்தில் இருக்கும் மாமியைக் கூப்பிட வேண்டும் என்றார். மாமி என்றது தகப்பனின் மூத்த சகோதரியை. இருவரின் பிறப்புப் பத்திரங்களையும் ஒரே இரவில் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். தாய் தகப்பன் பெயர்கள் இரண்டிலும் ஒன்றுதான், உறவுக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. ஆனால் அந்த உறவே பட்டியலில் இல்லை. தகப்பன் ஓகஸ்டில் இறந்துபோனார். அக்கா செத்தவீட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்தார்.

ஒக்டோபர் 8 ஆம் திகதி பட்டியல் நீண்டது. சகோதரர்கள், வளர்ந்த பிள்ளைகள், பேரன் பேத்தி, பாட்டன் பாட்டி எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள். சத்தியக் கடதாசி முடித்து, குடிவரவுத் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொண்டு வரலாம். சாகக் கிடப்பவரைப் பார்க்கவும் இறுதிச் சடங்குக்கு வரவும் தனி வழி திறந்ததும் அன்றுதான். இரண்டு மாதம் முந்தியிருக்கக் கூடாதா என்று நான் நினைத்தது யாருக்கும் கேட்டிருக்காது.

அதே அறிவிப்பில் காதலர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். ஒரு வருடமாவது பழகியிருக்க வேண்டும், நேரில் சந்தித்திருக்கவும் வேண்டும். நல்லதுதான். ஆனால் நம் ஆட்களில் எத்தனையோ பேருக்குக் குறிப்பு பொருந்தி, இரு வீட்டாரும் சம்மதித்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வீடியோவில் மட்டுமே பேசியிருந்த நேரம் அது. நிச்சயித்த கலியாணம் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு உறவே இல்லை. வரமுடியாவிட்டால் என்ன, 'சூம்' வழியாகத் தாலி கட்டி எழுத்தையும் முடித்துவிடலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கட்டலாம், படமும் எடுக்கலாம். ஆனால் மணமக்கள் இருவரும் ஒரே இடத்தில் நேரில் நிற்காத கலியாணத்தை வைத்துத் துணையை ஸ்பொன்சர் செய்ய 2015 ஜூனிலிருந்தே இடமில்லை. கொரோனா வந்ததற்காக அதை யாரும் மாற்றவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தடையிலிருந்து விலக்கு என்பது வேறு, விசா என்பது வேறு. இலங்கைக் கடவுச்சீட்டுடன் வருபவருக்கு அப்போது இரண்டுமே வேண்டியிருந்தது. கைரேகை எடுக்கும் நிலையங்கள் மூடிக் கிடந்தால் விசா எங்கிருந்து வரும்? விலக்குக் கிடைத்தும் வர முடியாமல் இருந்தவர்கள் இப்படித்தான் மாட்டினார்கள்.

பி.ஆர். கிடைத்தும் வெளிநாட்டில் நின்றுபோனவர்களின் கதை இன்னும் மோசம். பி.ஆர். கொடுத்ததை உறுதிசெய்யும் பத்திரம் 2020 மார்ச் 18 க்குள் கிடைத்தவர் வரலாம். அதற்குப் பிறகு, தொழில் தகுதியில் தெரிவாகி, இங்கே நெருங்கிய குடும்பம் இல்லாதவர் என்றால், காத்திருக்க வேண்டியதுதான். வேலையை விட்டு, வீட்டை விற்று, பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து விலக்கிவிட்டுக் காத்திருந்தார்கள். மருத்துவப் பரிசோதனை பொதுவாக 12 மாதத்துக்குத்தான் செல்லுபடியாகும். அது முடிந்தால் பத்திரமும் காலாவதி. எல்லோருக்கும் கதவு திறந்தது 2021 ஜூன் 21 ஆம் திகதி. ஒரு நாள் வித்தியாசத்துக்கு 15 மாதம்!

இதற்கிடையில் பி.சி.ஆர். பரிசோதனை, 14 நாள் தனிமைப்படுத்தல், 2021 பெப்ரவரியிலிருந்து ஓகஸ்ட் வரை சொந்தச் செலவில் ஹோட்டல் என்று ஒவ்வொன்றாக வந்து போயின. ஏப்ரலில் இந்தியாவிலிருந்து நேரடி விமானங்களை நிறுத்தினார்கள். முதலில் 30 நாள் என்றார்கள், செப்டெம்பர் கடைசி வரை இழுத்தது. சென்னையிலிருந்து வருபவர்கள் மாலைதீவு, மெக்சிகோ என்று மூன்றாம் நாட்டில் இறங்கி, அங்கே பரிசோதனை செய்துகொண்டு வந்தார்கள். காசு உள்ளவர் சுற்றி வந்தார், இல்லாதவர் வீட்டில் இருந்தார்.

2022 ஒக்டோபர் 1 ஆம் திகதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்கு அடுத்த கோடையில் அந்த அக்கா ஸ்காபரோ வந்தார். தம்பியின் மகனோடு என் அலுவலகத்துக்கும் வந்தார். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. நான் அனுப்பிய மொழிபெயர்ப்பை ஒரு உறையில் போட்டு மடங்காமல் வைத்திருந்தார். அதை என் மேசையில் விரித்து, "தம்பி, எங்கள் ஐயாவின் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டீர்கள்" என்று விரலை வைத்துக் காட்டினார். பிழைதான். அங்கேயே திருத்தி, முத்திரை குத்திக் கொடுத்தேன்.