படை விமானமும் பயணி விமானமும்

நேயர்களுக்கு வணக்கம்.

போர் விமானம் வேறு, பயணிகள் விமானம் வேறு என்று பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். நம் நாட்டில் இரண்டும் கூடப்பிறந்தவர்கள் மாதிரிதான் வளர்ந்தன. 1932 அக்டோபர் 8-ம் தேதி இந்திய விமானப்படை உருவானது. ஒரே வாரம் கழித்து, 15-ம் தேதி, பின்னாளில் ஏர் இந்தியாவாக வளர்ந்த விமானச் சேவையைத் தொடங்கிவைக்க, ஜே.ஆர்.டி. டாடா கராச்சியின் டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து தபால் மூட்டையோடு தனியாளாகக் கிளம்பினார். ஒற்றை எஞ்சின் வைத்த சின்ன புஸ் மாத் விமானம். அகமதாபாத் வழியாக பம்பாய் வந்து ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்குத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படையில் விமானியாக இருந்தவர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1 அன்று இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன், அதாவது முதல் விமானப் பிரிவு, நான்கு வாபிட்டி ரக விமானங்களோடு தொடங்கியதும் அதே டிரிக் ரோட்டில்தான்.

அப்புறம் 1947. உலகப் போர் முடிந்து மிஞ்சிய டக்கோட்டா என்ற இரட்டை எஞ்சின் போக்குவரத்து விமானங்களைப் பல தனியார் கம்பெனிகள் வாங்கிப் பயணிகளை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தன. அக்டோபர் 26-ல் காஷ்மீர் இந்தியாவோடு இணைந்தபோது, படையெடுத்து வந்தவர்கள் ஸ்ரீநகரை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். சாலை வழியாகப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. விமானப்படையிடம் இருந்த டக்கோட்டாக்கள் போதவில்லை. அதனால் தனியார் கம்பெனி விமானங்களில் இருந்த மெத்தை இருக்கைகளைக் கழற்றி எடுத்துவிட்டு, 27-ம் தேதி விடியற்காலையில் சீக்கிய ரெஜிமெண்ட் வீரர்களை ஏற்றினார்கள். ஸ்ரீநகர் தளம் யார் கையில் இருக்கிறது என்றே தெரியாது. மேலே ஒரு சுற்று வந்து பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது உத்தரவு. முந்தின நாள் வரை டிக்கெட் எடுத்த பயணிகளை ஏற்றிப் போன விமானிகள், சீருடை இல்லாமலேயே அந்த வேலையைச் செய்தார்கள். அவர்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எனக்கு மிகவும் நெருக்கமான கதை, லடாக்கில் இருக்கிற லே என்ற ஊரின் கதை. அதே போர் 1948 வசந்த காலத்தில் அங்கேயும் நெருங்கியபோது, அந்த ஊரைக் காக்க ஒரு கைப்பிடி வீரர்கள்தான் இருந்தார்கள். அங்கே லடாக்கைச் சேர்ந்த எஞ்சினியர் சோனம் நோர்பு, ஊர் மக்களைக் கூட்டிக்கொண்டு சிந்து நதிக்கரை மணலைச் சமன்படுத்தி ஒரு ஓடுதளம் போட்டார். கடல் மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கும் மேலே இருக்கிற இடம். காற்று அங்கே மெலிசு. எஞ்சினுக்கும் வலு குறையும், இறக்கைக்கும் தாங்கல் குறையும். இறங்கும்போது விமானம் வழக்கத்தைவிட வேகமாகத் தரையைத் தொடும். கிளம்பும்போது வழக்கத்தைவிட நீளமாக ஓடித்தான் எழும். இத்தனை உயரத்துக்கு டக்கோட்டா செய்யப்பட்டதே இல்லை. உள்ளே காற்றழுத்த வசதியும் கிடையாது.

மே 24-ம் தேதி விமானப்படை அதிகாரி ஏர் கமடோர் மெஹர் சிங் முதல் விமானத்தைத் தானே ஓட்டிப் போனார். வயது 33. கூடவே உட்கார்ந்திருந்தவர் தரைப்படைத் தளபதி ஜெனரல் திம்மய்யா. சோஜி லா கணவாயைத் தாண்டி, அதுவரை யாரும் விமானம் ஓட்டிப் போகாத மலைகளுக்கு நடுவே வழி தேடிப் போய், அந்த மணல் பட்டையில் இறக்கிவிட்டார். அன்று கூடிய ஊர் மக்கள் இந்தப் பெரிய பறவைக்குத் தின்னக் கொடுக்கப் புல்லுக்கட்டு கொண்டுவந்தார்கள் என்று இன்றும் கதையாகச் சொல்வார்கள். தூரத்திலிருந்து களைத்து வந்த விருந்தாளிக்கு முதலில் சாப்பாடு என்று நினைத்த அந்த மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது. பின்னாலேயே வந்த விமானங்கள் கூர்க்கா வீரர்களைக் கொண்டுவந்து இறக்கின. லே தப்பியது.

1990-ல் ஈராக் படையெடுத்தபோது குவைத்தில் சிக்கிய நம்மவர்களை மீட்கும் பெரும்பங்கு பயணிகள் விமானங்களுக்கு வந்தது. ஜோர்டானின் அம்மானிலிருந்து ஏர் இந்தியா முன்நின்று 488 விமானப் பயணங்கள். ஊர் திரும்பியவர்கள் 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேல்.

லே விமான நிலையம் இன்றைக்கும் விமானப்படையின் தளம்தான். பிற்பகலில் மலைக்காற்று முரண்டு பிடிக்கும் என்பதால், பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து இறங்கிவிட்டுத் திரும்பிவிடுகின்றன.

வணக்கம்.